ஆரஞ்சுத் துணி கட்டிய கரண்டி

நவம்பர் 1, வெள்ளிக்கிழமை

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். நாளைய விருந்துக்காக நான்கு கரண்டிகளில் நான்கு நிறத் துணி கட்டுவதாகத் திட்டம். பருப்புக்குப் பச்சை, கோழிக்கு நீலம், ஆட்டுக்கறிக்கு மஞ்சள், காட்டுப்பன்றிக்குச் சிவப்பு. வீடு முழுவதும் தேடியும் சிவப்புத் துணி கிடைக்கவில்லை. அம்மாவின் தையல் டப்பாவில் ஆரஞ்சு இருந்தது, அதையே கட்டிவிட்டேன். சுவரில் ஒட்டிய தாளில் மட்டும் "சிவப்பு" என்றே இருக்கிறது. திருத்த வேண்டும்.

இந்தக் குறிப்பேடு நளினி டீச்சர் சொல்லி எழுதுவது. பகலில் பல் கிளினிக்கில் பெயர் பதிகிற வேலை. வாரம் மூன்று மாலை கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் உணவு தயாரிப்பு வகுப்பு. வகுப்பில் சேர்ந்தவர்கள் தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: என்ன செய்தாய், எங்கே தவறினாய், நாளைக்கு என்ன. மற்றவர்கள் நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு எந்தத் தவறும் நாலு வரியில் அடங்குவதில்லை. போன வாரம் டீச்சர் என் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், "இவ்வளவு சந்தேகம் சமையலுக்கு ஆகாது, மோகனா" என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரிதானா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தீபாவளி நேற்று. இன்று வெள்ளிக்கிழமை, சைவம். அதனால் விருந்தாளிகளுக்குக் கறிச்சோறு நாளைக்கு. பக்கத்து வீட்டு மலாய் முஸ்லிம் அத்தை ரொகாயா மாக்சிக் வருடா வருடம் வருவார். எங்கள் தாமான் குடியிருப்பில் இந்தியர் வீடு பத்துப் பன்னிரண்டு இருக்கிறது. தீபாவளிக்கு மாக்சிக் எல்லா வீட்டுக்கும் போவார், பெட்டிப் பானம் குடிப்பார், முறுக்கைக் கடிப்பார். உட்கார்ந்து சோறு சாப்பிடுவது எங்கள் வீட்டில் மட்டும்தான். அதற்குக் காரணம் அம்மா கொடுத்த வார்த்தை. பதினொரு வருடத்துக்கு முன் திகாம் பத்து ஊருக்குப் பக்கத்தில் இருந்த எஸ்டேட்டை விட்டு இங்கே வந்த முதல் தீபாவளிக்கு, மாக்சிக் வாசலில் நின்று தயங்கியிருக்கிறார். அம்மா தனக்குத் தெரிந்த மலாயில், "காக்" என்று அக்கா முறை வைத்து, "கோழியும் ஆடும் உங்க ஆளு கடையிலதான் வாங்குறேன். பன்றி இந்த வீட்டுக்குள்ள வராது" என்றாராம். மாக்சிக் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

இந்த வருடம் சம்பந்தி வீட்டாரையும் அழைத்து வருகிறார். மகளைப் பெண்டாங் ஊரில் கட்டிக்கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. அந்தச் சம்பந்தியம்மாள் இந்து வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லையாம். "அந்த வீட்டுக்கு நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன், புஷ்பா" என்று மாக்சிக் வேலிக்கு மேல் அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன்.

இதில் பன்றி எங்கிருந்து வந்தது? வீரசாமி மாமாவிடமிருந்து. அம்மாவின் அண்ணன், செமிலிங் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் வேலை. ஒவ்வொரு தீபாவளிக்கும் யாரும் கேட்காமலே காட்டுப்பன்றி இறைச்சியை ஐஸ் பெட்டியில் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். வேண்டாம் என்றால் பொங்கல் வரைக்கும் பேசமாட்டார். அதனால் அம்மா ஒரு வழி வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரமாக, தனி கேஸ் அடுப்பு, காது உடைந்த ஓர் அலுமினியச் சட்டி. மாமாவே சமைத்து, அங்கேயே நின்று சாப்பிட்டு, மிச்சத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அதற்கென்று கழுத்து வளைந்த ஒரு கரண்டி வேலி ஆணியில் தொங்கும். அந்தக் கரண்டி ஒரு நாளும் வீட்டுக்குள் வந்ததில்லை.

இப்போது மூன்று நாளாக மழை விடவில்லை. பின்னால் கணுக்கால் அளவு தண்ணீர். மாமா சாயங்காலம் நாலு கிலோவோடு வந்து நின்றார். "தூக்கிட்டுப் போங்கண்ணே" என்றார் அம்மா. மாமாவின் முகம் தொங்கிவிட்டது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"பின் கிச்சன்ல வச்சுக்கலாம்மா. தனி அடுப்பு, தனிப் பலகை, தனிக் கத்தி. கரண்டிக்கெல்லாம் கலர் கட்டிடுறேன். வகுப்புல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"வார்த்தை குடுத்திருக்கேன்டி."

"கலக்காதும்மா. கலக்காம இருக்கத்தானே கலரு."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ படிக்கிற. உனக்குத் தெரியும்" என்றார். அது சம்மதமா, வேறு எதுவுமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வளைந்த கரண்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரே மாதிரி நான்கு புதுக் கரண்டி வாங்கி வந்தேன். பார்க்க ஒழுங்காக இருக்கிறது.

நாளைக்கு: ஐந்தரைக்கு எழுந்து வெங்காயம் உரிப்பது. தாளில் "சிவப்பு" என்பதை "ஆரஞ்சு" என்று திருத்துவது.


நவம்பர் 2, சனிக்கிழமை, மாலை ஆறு மணி

நேற்று "சிறிய தவறு" என்று எழுதியிருக்கிறேன். "சிறிய" என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. வரிசையாக எழுதினால் எங்கே பெரிதானது என்று எனக்காவது தெரியும்.

ஐந்தரைக்கு எழுந்தேன். வெங்காயம் உரித்தேன். தாளைத் திருத்தவில்லை. பேனா சாமி மேடையில் இருந்தது, அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தார், அப்புறம் எடுக்கலாம் என்று விட்டேன். இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

ஒன்பது மணிக்கு நாலு அடுப்பும் எரிந்தன. முன் கிச்சனில் பருப்பும் கோழியும். ஆட்டுக்கறிக் குண்டான் பெரியது. பின் கிச்சனின் பெரிய அடுப்பில்தான் நிற்கும். அதே மேடையின் மறுகோடியில் மாமாவின் சட்டி. இரண்டுக்கும் நடுவே என் கையால் நாலு முழம் அளந்து ஒரு கோடு போட்டிருந்தேன்.

அம்மாவின் ஆட்டுக்கறிக்காகத்தான் மாக்சிக் சம்பந்திகளைக் கூட்டி வருகிறார். பட்டையும் நட்சத்திரப் பூவும் எண்ணெயில் வெடிக்கும்போதே தெரு முழுவதும் மணக்கும். சின்ன வெங்காயம் சிவந்து, இஞ்சி பூண்டு விழுது பச்சை வாசனை போய், பீடோங் மில்லில் அரைத்த மசாலாத் தூள் எண்ணெய் கக்கும் வரை அம்மா குண்டானை விட்டு நகரமாட்டார். உருளைக்கிழங்கைப் பாதி வெந்த கறியில்தான் போடுவார். தேங்காய்ப்பால் கடைசியில். மாமாவின் சமையல் வேறு. மிளகு, காய்ந்த மிளகாய், எலுமிச்சம்புல், கறுப்புக் கிச்சாப் என்கிற சோயா சாறு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டி மூடிவிட்டு, பாட்டுப் பாடுவார்.

அண்ணன் தீபன் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அப்பா லோரியோடு ஜோகூரில். கிச்சனில் உதவிக்கு அண்ணி காஞ்சனா. அண்ணிக்கு இன்றிலிருந்து சஷ்டி விரதம். சாப்பிடமாட்டார், ருசியும் பார்க்கமாட்டார். ஆனால் ஒவ்வொரு குண்டான் மேலும் குனிந்து முகர்ந்து கருத்துச் சொன்னார்.

"உப்பு கம்மியா இருக்கிற மாதிரி மணக்குது, அத்தே."

உப்புக்கு மணம் உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விரதக்காரரிடம் வாயாடினேன் என்று ஆகும்.

மாமா கோட்டை மதிக்கவில்லை. கிளறிய கரண்டியை எங்கே நின்றாரோ அங்கே வைத்தார். கேஸ் மீது, தண்ணீர்க் குடத்தின் மேல், ஒரு தடவை என் குறிப்பேட்டின் மேலேயே. "மாமா, தட்டுல வைங்க மாமா" என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை.

"என்னாலா நீ, ஆஸ்பத்திரி மாதிரி பண்ற?" என்றார்.

பத்தரை மணிக்குப் பொறுக்க முடியாமல் நாலு கரண்டிகளையும் நானே பொறுக்கி எடுத்தேன். புதிதாகத் தொடங்கலாம் என்று எல்லாவற்றையும் சின்க்கில் போட்டுக் கழுவினேன். நாலையும் ஒன்றாக. அதுவே தப்பு என்று அப்போது தோன்றவில்லை. சுத்தம் செய்கிற நினைப்பு மட்டுமே இருந்தது.

கழுவியபின் எதை எதில் போடுவது என்று துணியைப் பார்த்தேன். பச்சை பச்சையாக இருந்தது. நீலத் துணி மஞ்சள் தூள் பட்டுப் பாசி நிறம், ஆனாலும் தெரிந்தது. மற்ற இரண்டும் குழம்பு நிறம். சோப்புப் போட்டும் போகவில்லை. சுவரில் தாளைப் பார்த்தேன். "காட்டுப்பன்றி: சிவப்பு." இரண்டில் எது அதிகச் சிவப்பு என்று பார்த்து, அதை மாமாவின் சட்டியில் போட்டேன். மற்றதை ஆட்டுக்கறியில் போட்டேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை தாளைப் பார்த்துத்தான் போட்டேன்.

பதினொன்றே முக்காலுக்குப் பேனா கைக்கு வந்தது. தாளில் "சிவப்பு" என்பதை அடித்து "ஆரஞ்சு" என்று எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பிக் குண்டானைப் பார்த்தேன்.

ஆட்டுக்கறியிலிருந்து கரண்டியை எடுத்து, துணியின் முடிச்சை அவிழ்த்தேன். முடிச்சுக்குள் மசாலா போகவில்லை. அங்கே துணி அதன் சொந்த நிறத்தில் இருந்தது. ஆரஞ்சு.

மாமாவின் கரண்டியையும் அவிழ்த்தேன். மஞ்சள். அம்மாவின் மிளகாய் எண்ணெயில் ஊறி வெளியே சிவந்து போன மஞ்சள்.

நான் "அம்மா" என்று கூப்பிட்டேன். அதற்கு மேல் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. இரண்டு துணியையும் காட்டியது நினைவிருக்கிறது.

முதலில் பேசியது மாமாதான். "தாபாலா, பரவால்ல! கழுவிட்டுத்தானே போட்ட? கொதிக்கிற குழம்பு, எல்லாம் செத்துடும்."

"கிருமியைப் பத்திப் பேசல மாமா."

"பின்ன எதைப் பத்தி? ஒரு கரண்டி. ஒரு துண்டு கறிகூட விழல. யாரு பாத்தா?"

"எல்லாத்தையும் கொட்டுங்க" என்றார் அண்ணி. "விரதம் ஆரம்பிச்ச நாளு அதுவுமா இப்படி. நான் காலையிலயே சொன்னேன், மணமே சரியில்லன்னு."

"உப்பு கம்மின்னுதானே சொன்னீங்க அண்ணி?"

"ரெண்டுந்தான்."

அம்மா ஆட்டுக்கறி அடுப்பை அணைத்தார். தேங்காய்ப்பால் இன்னும் கிண்ணத்திலேயே இருந்தது. என்னைப் பார்த்து, "நெசமா மாறிச்சா? இல்ல உன் சந்தேகமா?" என்றார்.

மாமா உடனே பிடித்துக்கொண்டார். "அதானே! இவளுக்கு எப்பத்தான் சந்தேகமில்ல? கேட்டு பூட்டினேனான்னு மூணு தடவ எறங்கி வர்ற பிள்ளை. போன மாசம் கேஸை அணைச்சேனான்னு கிளினிக்லேருந்து போன் பண்ணுச்சு. அது மாதிரிதான் இதுவும். சந்தேகம்னு வச்சுக்கம்மா, புஷ்பா. சந்தேகத்துக்கெல்லாம் கறியக் கொட்டுவாங்களா?"

"அவளுக்கே தெரியாதுதான், அத்தே" என்றார் அண்ணி. இரண்டு நிமிடத்துக்கு முன் கொட்டச் சொன்னவர்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் "சந்தேகம்தான்" என்று சொல்லியிருந்தால் போதும். வீட்டில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். அம்மா தேங்காய்ப்பாலை ஊற்றியிருப்பார். இரண்டு மணிக்கு மாக்சிக் வந்து, சம்பந்தியம்மாளுக்குத் தன் கையால் பரிமாறியிருப்பார். எனக்கு எத்தனையோ விஷயத்தில் சந்தேகம். இந்த ஒன்றில் இல்லை. துணி கையில் இருந்தது.

"சந்தேகமில்லம்மா. மாறிடுச்சு. நான்தான் மாத்திப் போட்டேன்."

மாமா கையை உதறினார். "இப்பத்தான் தெளிவு வந்துச்சாக்கும்!"

அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "கரண்டியெல்லாம் அப்புறம்டி" என்றார். "உள்ள வராதுன்னு சொன்னேன். வர விட்டேன். அது நேத்தே முடிஞ்சு போச்சு." மாமாவைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"கோழி இருக்கே அத்தே" என்றார் அண்ணி.

"நாலு கரண்டியும் ஒண்ணாத்தான் கழுவினேன்" என்றேன். இதையும் சொல்லிவிட்டேன். சொல்லத் தொடங்கியபின் நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை.

"பருப்பு?"

"நாலுன்னா பருப்பும்தான்."

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். மாமா, "அப்ப அப்பளத்தை மட்டும் போடு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"போய்ச் சொல்லு" என்றார் அம்மா.

"நீங்க வரலையா?"

"நான் குடுத்த வார்த்தைக்கு நான் வரேன். நீ போட்ட கரண்டிக்கு நீ முன்னாடி போ."

மழை கொஞ்சம் விட்டிருந்தது. பின் சந்து வேலியருகே குடையோடு நின்று மாக்சிக்கைக் கூப்பிட்டேன். ஓரமாக எட்டிப் பார்த்தால், அவர் வீட்டு முன்னால் பெண்டாங் காடி, சம்பந்தி வீட்டுக் கார், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. சீக்கிரமே வந்துவிட்டார்கள். மாக்சிக் பெருநாளுக்குத் தைத்த பாஜு கூரோங் உடையில் வெளியே வந்தார். அவர் பேசியது கெடா மலாய். நினைவில் உள்ளபடி தமிழில் எழுதுகிறேன்.

"அவாட்?" என்றார், என்ன விஷயம் என்கிற மாதிரி. "சோறு வெந்துடுச்சா?"

வரிசையாகச் சொன்னேன். மழை, மாமா, பின் கிச்சன், துணி, தாள், பேனா. மாக்சிக் நடுவில் கையைத் தூக்கி, "பேனா எனக்கு எதுக்கு? எந்தக் குண்டான்?" என்றார்.

"எல்லாமே, மாக்சிக்."

குடையிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றார், குடை எடுக்கவில்லை.

"காக், உள்ள வராதுன்னு சொன்னேன். வர விட்டுட்டேன்."

"மூணு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன், புஷ்பா." மாக்சிக் குரலைத் தாழ்த்தினார், தாழ்த்தியதில் கோபம் கூடித்தான் தெரிந்தது. "அந்த வீட்டுல பயமே வேண்டாம், என் சொந்த வீடு மாதிரின்னு. அந்தம்மா முகத்தைச் சுளிக்கச் சுளிக்கச் சொன்னேன். இப்ப போய் நான் என்ன சொல்ல? குண்டான்ல பன்றிக் கரண்டின்னா?"

"நான் வந்து சொல்றேன்."

"நீ சொன்னா எனக்கு இன்னும் அசிங்கம்."

உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது. மழுப்பாமல் அப்படியே சொன்னார். பிறகு ஒரு பெண் குரல், "அப்ப கிளம்பிடலாமா?" என்றது. அது சம்பந்தியம்மாளாகத்தான் இருக்கும். அப்புறம் மாக்சிக்கின் குரல், மிகவும் சலித்துப் போய்: "எங்க கிளம்புறது இந்த மழையில? உட்காருங்க. சோத்துக்குத்தானே கூப்பிட்டேன், சோறு போடுறேன்."

திரும்பி வேலிக்கு வந்தார். "என் ஐஸ் பெட்டியில ரெண்டு கோழி இருக்கு. மசாலாத் தூள் எங்க வச்சிருக்க?"

"புதுப் பொட்டலம் ஒண்ணு சாமி அறை அலமாரியில இருக்கு. பிரிக்கல" என்றார் அம்மா.

"கிச்சன்ல இல்லையே?"

"இல்ல."

"எடுத்துக்கிட்டு வா. கையைக் கழுவிட்டு வா. என் அடுப்புல சமை. குண்டான், கரண்டி எதுவும் கொண்டுவராத. துணியும் கட்ட வேண்டாம்" என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

மாக்சிக் வீட்டுக் கிச்சனில் அம்மாவுக்கு எதுவும் கைக்கு எட்டவில்லை. சீரகம் எங்கே, பட்டை எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியிருந்தது. மாக்சிக் கேட்டதை எடுத்துக் கொடுக்காமல், "எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் பாதி கொடுத்தார். பதினொரு வருடம் அம்மாவின் சமையலைச் சாப்பிட்டவர், அதில் என்ன போகிறது என்று இன்றுதான் பார்க்கிறார். எண்ணெயின் அளவைப் பார்த்து, "இதைத்தான் நான் சாப்பிட்டேனா?" என்றார். நான் உருளைக்கிழங்கை நறுக்கினேன். எனக்குக் கொடுத்த ஒரே வேலை அதுதான்.

குழம்பு கொதி வந்ததும் அம்மா வழக்கம்போல உள்ளங்கையைக் குழித்து, கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விடப் போனார். பாதியில் நிறுத்திவிட்டு, குண்டானைப் பார்த்தார்.

"காக், இதுல மாட்டிறைச்சி ஆக்கியிருக்கீங்களா?"

மாக்சிக் அடுப்பைக் கொஞ்சம் தணித்தார். "போன வாரம் ரெண்டாங் கறி" என்றார். அப்புறம், "நல்லாக் கழுவினது" என்றார். உடனே என்ன நினைத்தாரோ, "கழுவினதுதான். ஆனா மாடுதான்" என்றார்.

அம்மா கரண்டியைத் தட்டில் வைத்தார். "அப்ப நான் ருசி பாக்க முடியாது. நீங்க பாருங்க."

"நானா?"

"மோகனாவும் பாக்க மாட்டா. வேற யாரு இருக்கா?"

மாக்சிக் ருசி பார்த்தார். "உப்புப் போதாது."

"போட்ட உப்பு சரியா இருக்கும் காக். கிழங்கு இன்னும் இழுக்கல."

"என் நாக்குல போதாது."

"உங்க நாக்கு கருவாடு தின்ன நாக்கு."

"உன் குழம்பு, என் நாக்கு, இந்தப் பிள்ளையோட கரண்டி. இன்னைக்கு எதுதான் சரியா இருந்துச்சு?" என்றார் மாக்சிக். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சம்பந்தியம்மாள் எப்போது வந்து வாசற்படியில் நின்றார் என்று நான் கவனிக்கவில்லை. மெலிந்த பெண்மணி, கண்ணாடி போட்டவர். அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சமைக்கிறவங்க ஏன் ருசி பாக்கல?" என்று மாக்சிக்கைக் கேட்டார்.

பதில் அம்மா சொன்னார். "இந்தக் குண்டான்ல மாடு வெந்திருக்கு. நாங்க சாப்பிடறதில்ல."

அந்தம்மாள் குண்டானைப் பார்த்தார். மாக்சிக்கைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். கிட்டே வந்து, இன்னொரு கரண்டியைத் தானே எடுத்து, குழம்பை ஊதி, நாக்கில் வைத்தார்.

"உப்புப் போதும்" என்றார்.

மாக்சிக், "போதாது" என்றார்.

"போதும். தேங்காய்ப்பால் ஊத்தினா இன்னும் தெரியும். பால் ஊத்துவீங்கதானே?" இது அம்மாவிடம்.

"கடைசியில" என்றார் அம்மா.

இரண்டரைக்குச் சாப்பிட்டார்கள். நாங்கள் உட்காரவில்லை. மாக்சிக் வற்புறுத்தவும் இல்லை. இன்று யாரும் யாரையும் வற்புறுத்துகிற நிலையில் இல்லை. சம்பந்தியம்மாள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். கோழி நன்றாக இருக்கிறது, கிழங்கு கொஞ்சம் வேகவில்லை என்றார். கிழங்கை நறுக்கியது நான். பெரிய துண்டாக நறுக்கிவிட்டேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குள் அவர்கள் வரவில்லை. காடி எடுக்கும்போது சம்பந்தியம்மாள் எங்கள் கேட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

வீட்டில் மாமா ஆட்டுக்கறியில் பாதியைத் தீர்த்திருந்தார். தேங்காய்ப்பாலையும் அவரே ஊற்றியிருக்கிறார். "நமக்கென்னலா, நல்லாத்தான் இருக்கு" என்றார். அம்மா ஐஸ் பெட்டியைக் கொண்டுபோய் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டினார். "அடுத்த வருசம் வாங்கண்ணே. இது வேண்டாம். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்குங்க" என்றார். மாமா கோபித்துக்கொண்டுதான் போனார். பொங்கலுக்கு வருகிறாரா பார்ப்போம்.

ஐந்து மணிக்கு மாக்சிக் வேலிக்கு வந்தார். நேற்று அம்மா அனுப்பிய முறுக்கு டின்னைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். கையில் டின் இல்லை.

"காக், அடுத்த தீபாவளிக்கு..." என்று அம்மா ஆரம்பித்தார்.

"அதை இன்னைக்குக் கேக்காத. என்கிட்ட பதில் இல்ல." மாக்சிக் அம்மாவைப் பார்க்காமல், கீழே சாக்கடைத் தண்ணீரைப் பார்த்துப் பேசினார். "வார்த்தை தவறினது தவறினதுதான், புஷ்பா. நீ வந்து சொன்ன. அதுவும் இருக்கு. ரெண்டையும் நான் யோசிக்கணும்."

அம்மா சரி என்றார்.

போகத் திரும்பியவர் நின்றார். "உன் குண்டானைச் சும்மா சோப்புப் போட்டுத் தேச்சு வச்சிடாத. எங்க முறை வேற. ஒரு தடவ மண் கரைச்ச தண்ணி, ஆறு தடவ நல்ல தண்ணி. சுத்தமான மண்ணு வேணும், சாக்கடை மண்ணு இல்ல. நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து நான் காட்டுறேன். வரேன்னு சொன்னது கழுவுறதுக்கு. சாப்பிடுறதுக்கு இல்ல."

"சரி காக்."

"அந்தப் பிள்ளையும் இருக்கட்டும். எண்ணுறதுக்கு ஆள் வேணும். ஏழுன்னா ஏழு."

அவர் போனபின் அம்மா என்னிடம் கேட்டார்: "அந்த வளைஞ்ச கரண்டிய எங்கடி போட்ட?"

குப்பைத் தொட்டியில் என்றேன். குப்பை லோரி திங்கட்கிழமைதான் வரும்.

"எடுத்து வை. பன்னி வராட்டியும் அது வெளிய ஆணியில தொங்கட்டும்."

எதற்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

டீச்சர் இதைப் படித்துவிட்டு ஓரத்தில் என்ன எழுதுவார் என்று தெரியவில்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று நான் எழுதவில்லை. நிறம் போகாத எதையாவது கட்டியிருக்க வேண்டும், அல்லது பேனாவைக் காலையிலேயே எடுத்திருக்க வேண்டும், அல்லது நேற்று வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். மூன்றில் எது காரணம் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்றாவதுதான் என்று படுகிறது.

நாளைக்கு: ஞாயிறு, கெடாவில் வேலை நாள், கிளினிக் உண்டு. போகுமுன் குப்பையிலிருந்து கரண்டியை எடுத்து வெளி ஆணியில் மாட்டுவது. சுவரில் உள்ள தாளைக் கிழிப்பது. வேலை முடிந்ததும் கோயில் பின்புற மேட்டிலிருந்து ஒரு டின் மண் எடுத்து, கல் போகச் சலித்து வைப்பது. மாக்சிக் ஐந்தரைக்கு வருவார். குண்டான் மூன்று, சட்டி ஒன்று, கரண்டி நான்கு, பின் கிச்சன் மேடை, சின்க். ஒவ்வொன்றும் ஏழு தடவை. எண்ணுவது நான்.